கத்தரி படாத சட்டை

புதுச்சேரிக்குப் போய் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தேன். கதைக்காகப் போகவில்லை. கதை என்ன பெரிய கதை! நாலு வெள்ளைக்காரர்கள் ஒரு குழாயில் ஏறிச் சந்திரனுக்குப் போகிறார்கள், இரண்டு பேர் திரும்பி வருகிறார்கள். நான் பார்க்கப் போனது அவர்கள் போட்டிருந்த சட்டையை. இருட்டில் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தோளில் எத்தனை மடிப்பு, முழங்காலில் எத்தனை வளையம் என்று கிறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரன், "இன்னா மச்சான், பரிச்சைக்குப் படிக்கிறியா?" என்றான். "ஆமா, பரிச்சை உன் மாமனாருக்கு" என்றேன். என் வாய் அப்படி. அந்த வாயும் இந்தக் கையும் சேர்ந்து செய்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் மீரான். திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். இது நடந்தது அறுபத்திரண்டாம் வருஷம். ரஷ்யாக்காரன் ஒருவன் வானத்தைச் சுற்றிவிட்டு இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தச் சூட்டோடு சூடாக, பொங்கலுக்கு இந்தப் படத்தை எங்கள் ஊர்க் கொட்டகையில் போட ஏற்பாடு செய்திருந்தார் மேனேஜர் சுப்பராயலு. அவர் கடைக்கு வந்து, மேசை மேல் ஒரு ஸ்டில் போட்டோவை வைத்தார்.

"பாய், இதே மாதிரி ஒரு ஆளைத் தெருவுல நடக்க வுடணும். பாத்தா சந்திரன்லேருந்து எறங்கி வந்தவன்னு சனங்க நம்பணும். புலி வேசம் மாதிரி ஆச்சுன்னா நம்ம மானம் போயிரும்."

"கலரு என்னா?"

"கறுப்பு வெள்ளைப் படத்துல கலரை நான் எங்கே போய்ப் பாக்குறது? நீங்க கண்டுபிடிங்க."

கண்டுபிடித்தேன். புதுச்சேரிக்குப் போய்ப் படத்தைப் பார்த்த பிறகு சந்தேகமே இல்லை, வெள்ளைதான். ஆனால் செத்த வெள்ளை இல்லை, வெளிச்சம் பட்டால் பால் மாதிரி ஒரு மினுமினுப்பு.

சாமான்கள் சுலபமாகச் சேர்ந்தன. தலைக்கு ஒரு பெரிய அலுமினியக் குண்டான். தகரக்கடைக்காரன் முகம் தெரிய வெட்டிக் கொடுத்தான். கண்ணாடிக்குப் பதில், சோடா போட்டுக் கழுவிய பழைய எக்ஸ்ரே ஃபிலிம். முதுகில் இரண்டு பிஸ்கட் டின், மூச்சுக் குழாய்க்கு சைக்கிள் ட்யூப், துப்பாக்கிக்கு சைக்கிள் பம்பு. எல்லாம் அச்சு அசலாக வந்துவிட்டது. துணி மட்டும் வரவில்லை. மில் துணியில் தைத்தேன், நமத்துப்போன அப்பளம் மாதிரித் தொங்கியது. கஞ்சி போட்டேன், நடக்கும்போது மொடமொடவென்று சத்தம் போட்டது. சந்திரனுக்குப் போகிறவன் மொடமொடவென்றா போவான்? இரண்டையும் தூக்கி மூலையில் எறிந்தேன். படம் போட மூன்று நாள்தான் இருந்தது.

அந்த மாதிரித் துணி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முதல் தடவை திரையில் அதைப் பார்த்தபோதே தெரியும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், அது என் வீட்டிலேயே இருந்தது.

என் வாப்பா அபுபக்கர் பத்து வருஷத்துக்கு முன் ஹஜ்ஜுக்குப் போனார். மக்காவில் ஒரே கட்டிலிருந்து இரண்டு கபன் துணி வாங்கினார், தனக்கு ஒன்று, உம்மாவுக்கு ஒன்று. இறந்தவர் மையித்தைப் போர்த்திக் கபரில் அடக்குகிற துணி. இரண்டையும் ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து, மணலில் காயவைத்து எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார். பம்பாய் வந்து சேரவில்லை. வழியிலேயே காய்ச்சல் கண்டு மௌத்தாகிவிட்டார். அவருடைய துணியில் அவரைச் சுற்றிக் கடலில் இறக்கிவிட்டார்கள். கூடப் போயிருந்த லியாக்கத் அலி மாமா மற்ற துணியைக் கொண்டுவந்து உம்மாவின் கையில் கொடுத்தார். வாப்பாவிடமிருந்து அவளுக்குத் திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

என் உம்மா ஆசியா உம்மாள் அதை டிரங்குப் பெட்டியில் பச்சைத் துண்டில் சுற்றி வைத்திருந்தாள். வருஷா வருஷம் நோன்புப் பிறைக்கு முன் ஒரு நாள் வெளியே எடுப்பாள். கொல்லையில் கொடி கட்டி, வெயில் காட்டி, அத்தர் தொட்டு, திரும்பவும் மடித்து வைப்பாள். யாரையும் தொடவிடமாட்டாள். "கியாமத் நாள்ல கோடானுகோடி சனம் எழுந்திருச்சு நிக்கும். அதுல உங்க வாப்பா என்னை எப்படிடா கண்டுபிடிப்பாரு? அவரு துணிக்கு ஜோடித் துணி என் மேல இருந்தா, தூரத்துலேருந்தே தெரிஞ்சுக்குவாரு" என்பாள். அப்படி எந்தக் கிதாபிலும் இல்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிப் பார்த்தார். "உமக்குக் கிதாபு தெரியும், எனக்கு என் மாப்பிள்ளையத் தெரியும்" என்று உள்ளிருந்தே பதில் கொடுத்து அனுப்பிவிட்டாள். வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அந்த மார்கழியில் உம்மா ஊரில் இல்லை. என் தங்கை ஜொஹரா பீவிக்குப் பரங்கிப்பேட்டையில் பிரசவம். நாற்பது நாள் முடித்துவிட்டு, நோன்புக்கு நாலு நாள் முந்தி வருவதாகச் சொல்லிப் போயிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து பெட்டியைத் திறந்தேன். காசுக்காக இல்லை. இதை நீங்கள் நம்பவேண்டும், ஏனென்றால் இதைவிட மோசமான காரணத்துக்காகத்தான் செய்தேன். எனக்குக் கர்வம். திரையில் பார்த்ததை அப்படியே என் கையால் செய்துவிட வேண்டும் என்ற வெறி.

கபன் துணி தைத்ததாக இருக்கக் கூடாது, சட்டைக்கு என்று வெட்டிவிட்டால் அப்புறம் கபனுக்கு ஆகாது. எனக்குத் தெரியாதா? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். கத்தரியை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டினேன். பதினோரு கஜத்தையும் ஓரிடத்திலும் வெட்டாமல், பஞ்சகச்சம் கட்டுகிற மாதிரி மடித்து மடித்து, கால், இடுப்பு, முதுகு, கை என்று கொண்டுபோய், மடிப்புகளை நீளநீளமான ஓட்டுத் தையலால் பிடித்தேன். வேலை முடிந்ததும் நூலை உருவினால் துணி பழையபடி முழுத் துணியாகிவிடும். துவைத்து, காயவைத்து, பெட்டியில் வைத்துவிடலாம். அதுவரைக்கும் அதே பச்சைத் துண்டுக்குள் மில் துணி ஒன்றை மடித்து வைத்தேன்.

எட்டு மடிப்பு, பத்து மடிப்பு சேர்ந்ததில் சட்டை படத்தில் இருந்த மாதிரியே புஸுபுஸுவென்று நின்றது. முழங்கையிலும் முழங்காலிலும் பிரம்பு வளையம் செருகினேன். சுப்பராயலு வந்து பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் யார் சொல்லைக் கேட்பேன்?

போட்டுக்கொண்டு நடந்தவன் கண்ணாயிரம். கொட்டகையில் நோட்டீஸ் கொடுப்பவன். அதற்கு முன் நாடகக் கம்பெனியில் கோமாளி. ஆறடி உயரம், ஒட்டடைக்குச்சி உடம்பு. பொங்கலன்று காலை அவன் குண்டானை மாட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் நடப்பவன் மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் தேரடித் தெருவில் வந்தபோது, கரும்பு விற்ற மாரியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். என் கடை வாசலுக்கு வந்ததும் கண்ணாயிரம் நின்று, உடம்பை வளைத்து எனக்கு ஒரு சலாம் போட்டான். கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. அன்றைக்கு என் கால் தரையில் இல்லை.

ஒரு வாரம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை நூலை உருவ வேண்டும். சனிக்கிழமை கண்ணாயிரம் கடைக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"பாய், படம் நாளைக்குச் செதம்பரம் போவுது. அந்தக் கொட்டகைக்காரரு சட்டையும் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

"அதெல்லாம் முடியாது. சட்டை என்னுது."

"அப்படிச் சொல்லாதீங்க பாய். என் வூட்டுக்காரி தாய்வூடு அங்கதான். ஞானாம்பான்னு பேரு. புள்ளை பொறந்து எட்டு நாளாச்சு, பொம்பளப் புள்ளை. நான் இன்னும் மூஞ்சியக் கூடப் பாக்கல. சட்டை போனாத்தான் என்னையும் அனுப்புவாங்க. ஒரே ஒரு வாரம்."

அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பாவம் பாதி, சிதம்பரத்திலும் என் கைவேலையைப் பார்க்கட்டுமே என்ற நினைப்பு பாதி. தலைக்கு மேல் வெள்ளம் போனால் ஜாண் என்ன, முழம் என்ன? உம்மா வர இன்னும் பத்து நாள் இருந்தது. "மழையில நனைச்சே, தோலை உரிச்சிருவேன்" என்று சொல்லிக் கொடுத்தேன்.

அந்த வருஷம் தை மாதத்தில் எட்டுக் கிரகம் ஒன்று சேருகிறது, உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பீதி. கோயிலுக்குக் கோயில் ஹோமம், பஜனை. பரங்கிப்பேட்டையிலும் யாரோ இந்தக் கதையை உம்மாவின் காதில் போட்டிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை தங்கையின் மாப்பிள்ளை, என் மச்சானிடமிருந்து கார்டு வந்தது. ‘உலகம் அழியப்போவதாகப் பேசிக்கொள்கிறார்களாம். தன் துணி அங்கே இருக்கிறது, தான் அது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மாமி பிடிவாதம் பிடிக்கிறார்கள். ஞாயிறு மதியம் பஸ் ஏற்றிவிடுகிறேன்.’

மறுநாள் காலை முதல் ரயிலில் சிதம்பரத்துக்கு ஓடினேன். வண்டி பரங்கிப்பேட்டையில் நின்றபோது ஜன்னல் பலகையை இழுத்து மூடிக்கொண்டேன், உம்மா பிளாட்பாரத்தில் நின்று என்னைப் பார்த்துவிடுவாள் என்கிற மாதிரி. கண்ணாயிரம் துணியை அழுக்காக்கியிருந்தால் என்னென்ன திட்டுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கொட்டகையில் குண்டான் டிக்கெட் அறைப் பலகை மேல் கிடந்தது. நாலு நாளாக வேஷக்காரன் வரவில்லை என்றார்கள். வழி கேட்டுக்கொண்டு போனேன். ஊர் எல்லையில் வாய்க்கால் கரையோரம் ஒரு குடிசை. கண்ணாயிரம் வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நாலு நாள் தாடி. என்னைப் பார்த்ததும் எழுந்தான், எழ முடியாமல் திரும்பவும் உட்கார்ந்தான்.

"பாய், தப்புப் பண்ணிட்டேன் பாய். அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"பாப்பா போயிருச்சு பாய்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"புதன்கெழம விடியக்காலம். வலிப்பு வந்து, ஆசுபத்திரிக்குத் தூக்குறதுக்குள்ள அடங்கிப்போச்சு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எடுத்துரணும்னு பெரியவுங்க சொன்னாங்க. கடை ஒண்ணும் தொறக்கல. பழந்துணியில சுத்தாதே, கோடித் துணியில சுத்துனு அவ கத்துறா. என்கிட்ட புதுத் துணின்னு அந்தச் சட்டைதான் இருந்துச்சு. பாப்பாவும் அதுல படுத்தாதான் தூங்கும் பாய். நான் தெரு சுத்திட்டு வந்து சட்டையோடவே தூக்கி வெச்சுக்குவேன். மெத்து மெத்துனு இருக்குமாட்டம் இருக்கு, அப்படியே தூங்கிரும். அதான், முதுகுப் பக்கத்துலேருந்து ஒரு துண்டு அறுத்துட்டேன்."

உள்ளே ஞானாம்பாள் பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தாள். அவள் முனகுவது வெளியே கேட்டது. ரயிலில் சேர்த்து வைத்த திட்டு அத்தனையும் வீணாகப் போயிற்று. அது என்ன துணி என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்? எந்த வாயால் சொல்வேன்?

"பரவால்ல கண்ணாயிரம்" என்றேன். "நல்ல துணியிலதான் சுத்திருக்கே."

அவன் அப்போதுதான் அழுதான். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, மிச்சச் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரயிலடிக்கு வந்தேன். வண்டியிலேயே நூலை உருவினேன். அவன் அறுத்தது ஒரே ஒரு இடம். ஆனால் அந்த இடத்தில் நான் மடித்து வைத்த மடிப்பு நாலு. துணியைப் பிரிக்கப் பிரிக்க, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஒரே அளவில் நாலு ஓட்டை வந்தது. வெட்டாமல் தைக்கிற என் சாமர்த்தியம் ஒரு ஓட்டையை நாலாக்கிக் கொடுத்திருந்தது.

வீட்டுக்குப் போனால், உம்மா வந்துவிட்டிருந்தாள். பெட்டி திறந்து கிடந்தது. மில் துணி மடியில் இருந்தது.

"இது எவன் துணிடா?" என்றாள்.

கக்கத்தில் இருந்ததை எடுத்து அவள் முன் வைத்தேன். விரித்துப் பார்த்தாள். ஓட்டைகளுக்குள் விரலை விட்டு விட்டு எண்ணினாள். நான் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல ஆரம்பித்தேன். படம், சட்டை என்று நான் சொல்லும்போதே மில் துணியைத் தூக்கி என் முகத்தில் எறிந்தாள்.

"பாவி! பெத்த வயிறு பத்தி எரியுதுடா! பத்து வருசம் பொத்திப் பொத்தி வெச்சேனே, கூத்தாடிக்கு வேசம் கட்டவா வெச்சேன்? இனி அவரு முன்னாடி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். வாப்பா செய்தி வந்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் ஓய்ந்த பிறகு, மீதியையும் சொன்னேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் சொன்னேன்.

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எத்தன நாள் புள்ளை?"

"பன்னெண்டு நாளு."

"பேரு என்னா?"

"கேக்கலை உம்மா."

"பேரு கேக்காமயா வந்தே?" என்று அவள் போட்ட சத்தம், துணிக்காகப் போட்ட சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. "அறிவு கெட்டவனே! கியாமத்துல உங்க வாப்பா அந்தத் துணியப் பாத்துட்டு நேரா அந்தப் புள்ளைகிட்டல்லாடா போய் நிப்பாரு? நானும் அங்கதான் போவணும். அத்தன கூட்டத்துல அந்தப் பச்ச மண்ண என்னா சொல்லிக் கூப்புடுவேன்?"

மறுவாரமே சிதம்பரம் போனேன். குடிசை பூட்டிக் கிடந்தது. குடும்பமே படப்பெட்டியோடு மாயவரம் போய்விட்டது என்றார்கள். மாயவரத்தில் கேட்டேன், கும்பகோணம் என்றார்கள். கும்பகோணத்தில் யாருக்கும் தெரியவில்லை. உலகம் அழியவில்லை. நோன்பு வந்தது, பெருநாள் வந்தது.

அதற்குப் பிறகு உம்மா பெட்டியைத் திறந்து துணிக்கு வெயில் காட்டவில்லை. என்னோடு பேசாமல் இல்லை. சோறு போட்டாள், கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் நோன்புப் பிறை பார்க்கிற அன்று மட்டும், "பேரு தெரிஞ்சுதாடா?" என்பாள். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, பிறை பார்க்கிற அன்றைக்குக் கடையிலேயே உட்கார்ந்திருப்பேன். எந்நேரம் போனாலும் விழித்திருந்து கேட்பாள். தொழுதுவிட்டுத் துஆ கேட்கும்போது வாப்பா பெயரைச் சொன்ன பிறகு, "அந்தப் புள்ளை" என்று சொல்லி நிறுத்துவாள்.

அறுபத்தெட்டில் மௌத்தானாள். குளிப்பாட்டிய பெண்கள் மில் துணியில்தான் கபனிட்டார்கள். மக்காத் துணியில் ஓட்டை இல்லாத பகுதியைக் கிழித்துத் தலை முக்காடாகப் போடும்படி நான் கேட்டுக்கொண்டேன். போட்டார்கள். அது வாப்பாவுக்குத் தூரத்திலிருந்து தெரியுமா, தெரியாதா, யார் கண்டது?

மறு வருஷம் ஆடியில் உண்மையாகவே சந்திரனில் ஆள் இறங்கினார்கள். ஊரெல்லாம் ரேடியோ வைத்துக் கேட்டார்கள். அந்த வாரமே கடை வாசலில் ஒரு ஆறடி மனிதன் வந்து நின்றான். தலை நரைத்துவிட்டிருந்தது. கையில் பேப்பரிலிருந்து வெட்டிய படம்.

"பாய், என்னைத் தெரியுதா? கண்ணாயிரம். இப்ப நெசமாவே போயிட்டாங்க பாய், பாருங்க. பழைய படத்தையே திரும்பப் போடுறாங்களாம். நம்ம பழைய சட்டை மாதிரி ஒண்ணு..."

நான் படத்தைப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து அவன் தோளைப் பிடித்தேன்.

"கண்ணாயிரம், உன் புள்ளை பேரு என்னா?"

"எந்தப் புள்ளை பாய்? இப்ப ஒரு பையன் இருக்கான், அவன் பேரு..."

"அவன் இல்லடா. செதம்பரத்துல போச்சே, அது."

அவன் என்னையே பார்த்தான். ஏழு வருஷத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி அவனிடம் கேட்ட ஆள் நான் ஒருவன்தான் என்று முகத்திலேயே தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

"பேரே வெக்கல பாய். பதினாறாம் நாள் வெக்கலாம்னு இருந்தோம். அதுக்குள்ளதான் போயிருச்சே."

"வூட்டுல எப்படிக் கூப்புட்டீங்க?"

"பாப்பான்னுதான். பாப்பான்னா கண்ணைத் தொறந்து பாக்கும்."

அவனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தேன். மில் துணியில், கத்தரி வைத்து. நன்றாக வரவில்லை. அவனும் வாங்கிக்கொண்டு போனான்.

அன்று அஸர் தொழுதுவிட்டு கபருஸ்தானுக்குப் போனேன். உம்மாவின் கபர் பக்கத்தில் உட்கார்ந்து, மண்ணில் கையை வைத்தேன். ஆறு வருஷமாக அவள் கேட்டதற்கு என்னிடம் இருந்தது அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

"உம்மா, அதுக்குப் பேரு வெக்கலயாம். பாப்பான்னு கூப்புடு. திரும்பிப் பாக்குமாம்."